ரைஃபிள் பேரலை மாற்றப் போறீங்களா? காசு கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

நாலு மாதமாக ரேஞ்சில் உங்கள் ஸ்கோர் இறங்கிக்கொண்டே போகிறது. “பேரல் போயிடுச்சு, மாத்திடு” என்கிறார் கிளப் சீனியர். வெளிநாட்டு பேரல் என்றால் சேமிப்பில் பெரிய ஓட்டை விழும். மாற்றத்தான் வேண்டுமா? எதைப் பார்த்து வாங்குவது? சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே பேசப்போவது 50 மீட்டர் .22 ரைஃபிளைப் பற்றி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்த வகை ரைஃபிளில்தான்.

பேரல் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா?

பெரும்பாலும் இருக்காது. .22 தோட்டாவின் குண்டு மென்மையான ஈயம். எடை சுமார் 2.6 கிராம். வெடிப்பு அழுத்தமும் குறைவு. அதனால் 300 மீட்டர் சென்டர்ஃபயர் ரைஃபிளின் பேரல் போல இது சீக்கிரம் தேயாது.

முதலில் மற்ற சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாக்கோடு ஆக்‌ஷனைப் பிடிக்கும் திருகுகள் தளர்ந்திருக்கலாம். சைட் ஆடலாம். சேம்பருக்கு முன்னால் கரி வளையமாகப் படிந்திருக்கலாம். க்ளீனிங் ராடு உரசி, குண்டு வெளியேறும் வாய் விளிம்பு சேதமாகியிருக்கலாம்.

எப்படி உறுதி செய்வது?

ரைஃபிளை வைஸில் இறுக்கிப் பிடித்துச் சுடுங்கள். அப்போது உங்கள் கையின் தவறு கணக்கில் வராது. மூன்று, நான்கு வெவ்வேறு லாட் தோட்டாக்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் பத்து பத்தாகப் பலமுறை சுட்டு ஒப்பிடுங்கள். ஒரே பிராண்ட், ஒரே விலை என்றாலும் லாட்டுக்கு லாட் வித்தியாசம் வரும். 10 வளையத்தின் விட்டமே வெறும் 10.4 மில்லிமீட்டர் என்பதால் அந்த வித்தியாசம் ஸ்கோரில் தெரியும். ஒரு லாட் நன்றாகக் குவிந்தால் மாற்ற வேண்டியது தோட்டாவை. எல்லா லாட்டும் சிதறினால் மட்டும் பேரல் பக்கம் போங்க.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பொருத்தம்: எல்லா பேரலும் எல்லா ஆக்‌ஷனுக்கும் சேராது. சில மாடல்களில் மரை இருக்கும். சிலவற்றில் அழுத்திப் பொருத்தி பின் அடித்திருப்பார்கள். உங்கள் மாடலுக்கு எது என்று முதலில் கேளுங்கள்.

உட்துளை: முழு நீளத்துக்கும் சீராக இருக்க வேண்டும். வாய்ப் பக்கம் மிகமிக லேசாக இறுகினால் நல்லது. நடுவில் தளர்வு கூடவே கூடாது. முறுக்கு விகிதத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், .22-க்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதே வழக்கம்.

சேம்பர்: நல்ல உட்துளையைக்கூட மோசமான சேம்பர் கெடுத்துவிடும். யார் வெட்டுகிறார், எந்தத் தோட்டாவுக்காக வெட்டுகிறார் என்று கேளுங்கள்.

நீளம்: நீண்ட பேரல் என்றால் அதிகத் துல்லியம் என்பது தவறான நம்பிக்கை. குண்டு உள்ளே இருக்கும் நேரம் கூடினால், அந்த நேரத்தில் உங்கள் அசைவும் சேரும். முன் சைட்டைத் தள்ளி வைக்க வேண்டுமானால் நீட்டிப்புக் குழாய் போதும். மொத்த எடை 8 கிலோவைத் தாண்டக் கூடாது. மசில் பிரேக்குக்கும் போட்டியில் அனுமதி இல்லை.

எஃகு: குரோம்-மாலி, ஸ்டெயின்லெஸ் இரண்டுமே துல்லியமாகச் சுடும். சென்னை, மும்பை ஈரக்காற்றில் ஸ்டெயின்லெஸ் மெதுவாகத் துருப்பிடிக்கும். அதற்காக துடைக்காமல் விட்டுடாதீங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பேரல் என்பது பைக் செயின் மாதிரி ஸ்பேர் பார்ட் கிடையாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 2-வது பிரிவில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் வருகின்றன.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதை 10-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு, கஸ்டம்ஸில் பார்த்துக்கலாம் என்று நினைக்காதீர்கள். விற்பனை, பழுதுபார்ப்புத் தொழிலுக்கு 5-வது பிரிவின்படி உரிமம் தேவை. தெரிந்த லேத் பட்டறையில் கொடுப்பது ஆபத்து. உரிமம் இல்லாமல் பேரலைக் குறுக்குவதை 6-வது பிரிவும், எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பதை 8-வது பிரிவும் தடை செய்கின்றன. இவற்றுக்குச் சிறைத் தண்டனை உண்டு.

கழற்றிய பழைய பேரலும் சட்டப்படி ஆயுதப் பாகம்தான். பழைய இரும்புக் கடையில் போடவோ, நண்பருக்குக் கொடுக்கவோ கூடாது.

சரி, எந்த வரிசையில் செய்வது?

முதலில் திருகு, சைட், சுத்தம். அடுத்து லாட் சோதனை. பிறகும் மாற்றத்தான் வேண்டுமென்றால், உரிமம் வழங்கிய அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு பதில் வாங்குங்கள். உங்கள் கிளப் அல்லது மாநில ரைஃபிள் சங்கம் வழிகாட்டும். அதன் பிறகே உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் அட்வான்ஸ் கொடுங்கள். பேரல் கைக்கு வரும்போது அதில் சுட்ட சோதனை இலக்குத் தாளையும், எந்த லாட்டில் சுட்டார்கள் என்ற விவரத்தையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கோங்க.