ஸ்குவாக்

சிறு விமானங்களைப் பழுதுபார்க்கும் அமெரிக்கப் பணிமனைகளில் 'ஸ்குவாக்' என்றால் விமானி எழுதித் தரும் குறை. ரேடியோ இரைகிறது, ஆல்டர்னேட்டர் எச்சரிக்கை விளக்கு அணைய மறுக்கிறது, எதுவானாலும் ஸ்குவாக்தான். ஆங்கிலத்தில் அது கிளி, கோழி போன்றவற்றின் கரகரத்த கத்தல். புகார் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. (நம் கிளி கொஞ்சும், அவர்களுடையது கத்தும்.)

விமானி அறையில் இதே சொல்லுக்கு வேறு வேலை. இரண்டாம் உலகப் போரில், ரேடாரில் தெரியும் விமானம் நம்முடையதா, எதிரியுடையதா என்று காட்டிக்கொடுத்த கருவிக்குக் 'கிளி' என்று மறைபெயர். அதை இயக்கச் சொல்வது, கிளியைக் கத்தவிடு என்பது. நிறுத்தச் சொல்வது இன்னும் கொடூரம்: கிளியின் கழுத்தை நெரி! அதன் வழிவந்ததே இன்றைய டிரான்ஸ்பாண்டர். கிளி போய்விட்டது, கத்தல் ஒட்டிக்கொண்டது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் 'ஸ்குவாக்' என்று சொல்லி நான்கு இலக்க எண் ஒன்றைத் தருவார். விமானி அதைக் கருவியில் பதிய வேண்டும். இலக்கங்கள் 0 முதல் 7 வரைதான், ஆகவே மொத்தம் 4096 எண்கள். 7500 கடத்தல், 7600 ரேடியோ பழுது, 7700 அவசரம்.

டிரான்ஸ்பாண்டரே பதில் தராமல் போனால் அதுவும் குறைத்தாளில் ஒரு ஸ்குவாக். அப்போது கருவியைக் கழற்றுமுன், விமானத்தின் அடிவயிற்றில் எண்ணெயும் அழுக்கும் படிந்து கிடக்கும் ஆன்டெனாவையும் அதன் கேபிள் இணைப்பையும் துடைத்துப் பாருங்கள்.