குளிர்கால சர்க்கஸ் அரங்கம், பாரிஸ்

பாரிஸ் நகரின் 11ஆம் வட்டாரத்தில், அமெலோ தெருவில் உள்ள நிலையான சர்க்கஸ் கட்டடம். பிரெஞ்சில் இதன் பெயர் 'சிர்க் திவேர்'. 1852 டிசம்பர் 11 அன்று மூன்றாம் நெப்போலியன் முன்னிலையில் 'சிர்க் நெப்போலியன்' என்ற பெயரில் திறக்கப்பட்டது. 1873 முதல் இன்றைய பெயர் நிலைத்தது.

1880இல் விஷ்ணுபந்த் சத்ரே தொடங்கிய நாள் முதல் இந்திய சர்க்கஸ் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போவது. ஐரோப்பாவிலோ பெருநகரங்கள் சர்க்கஸுக்கெனக் கல்லில் மாளிகை எழுப்பின. இந்த மாளிகைகளின் வட்ட வடிவம் குதிரையால் வந்தது. வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் நிற்பவர், உட்புறம் சற்றே சாய்ந்தால் விழாமல் நிற்கலாம். 18ஆம் நூற்றாண்டில் லண்டனின் குதிரைச் சாகசக்காரர் பிலிப் ஆஸ்ட்லி அதற்கேற்ற களத்தை ஏறக்குறைய 13 மீட்டர் விட்டத்துக்கு அமைத்தார். அந்த அளவே உலகெங்கும் வழக்கமாயிற்று. களம் வட்டமானதால் இருக்கைகளும் சுற்றிவரப் படிப்படியாக உயர்ந்தன, சுவரும் அதைத் தொடர்ந்து வளைந்தது.

சர்க்கஸ் முதலாளி லூயி தெஜானுக்காக இதைக் கட்டியவர், ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்த ழாக் இக்னாஸ் ஹித்தோர்ஃப். சிசிலித் தீவின் பழைய கிரேக்கக் கோயில்களை ஆராய்ந்த அவர், அவை வெண்கல்லாக விடப்பட்டவை அல்ல, பளிச்சென்று வண்ணம் பூசப்பட்டவை என்று வாதிட்டார். அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. அந்த வாதத்தை அவர் ஒரு சர்க்கஸ் கட்டடத்தின் சுவரில் வண்ணம் பூசி நிலைநாட்டினார் என்பதுதான் இக்கட்டடத்தின் பெருமை. 20 பக்கங்கள் கொண்ட பலகோணம். மூலைதோறும் கொரிந்தியத் தூண். மேலே சுற்றி ஓடும் புடைப்புச் சிற்ப வரிசை. வாயிலின் இருபுறமும் குதிரைமேல் அமர்ந்த வீரர் சிலைகள். அவற்றுள் அமேசான் வீராங்கனையை வடித்தவர் சிற்பி பிரடியே. உள்ளே நடுவில் ஒரு தூண்கூட இல்லை. கூரை தன்னைத்தானே தாங்கி நிற்பதால் எந்த இருக்கையிலிருந்தும் களம் முழுதும் தெரியும்.

தூணில்லாத அந்த உயரம் குதிரைக்கு மட்டுமன்றி மனிதனுக்கும் பயன்பட்டது. 1859 நவம்பரில் ழூல் லெயொதார் என்ற சாகசக் கலைஞர் இங்கேதான் ஒரு தொங்கும் பாரிலிருந்து மற்றொன்றுக்குப் பறந்து, இன்றைய பார் விளையாட்டைத் தொடங்கிவைத்தார். 1861 முதல் பாதெலூ என்ற இசை நடத்துநர் எளிய மக்களும் வரக்கூடிய கட்டணத்தில் இங்கே கச்சேரிகள் நடத்தினார். 1956இல் வெளிவந்த 'ட்ரபீஸ்' படம் இங்கே படமாக்கப்பட்டது.

1934இல் பூலியோன் என்ற சர்க்கஸ் குடும்பம் இதை வாங்கியது. இன்றும் அவர்களே நடத்துகிறார்கள். 1975இல் பிரெஞ்சு அரசு வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

பாரிஸ் தமிழர்களின் கடைத்தெருவான லா ஷப்பலை ஒட்டிய கார் து நோர் ரயில் நிலையமும் ஹித்தோர்ஃப் கட்டியதே. அங்கிருந்து 5ஆம் எண் மெட்ரோவில் ஓபர்காம்ப் நிறுத்தத்தில் இறங்கினால் அரங்கம் நடைதூரம். அவசியம் பார்க்க வேண்டியது.