புளியறை வழியும் இரு கட்டுரை மரபுகளும்

தென்காசி மாவட்டத்தின் மேலெல்லையில், ஆரியங்காவுக் கணவாயின் வாயிலில், புளியறை என்னும் ஊர் உள்ளது. செங்கோட்டை வட்டத்தைச் சார்ந்த இவ்வூர் 1956 நவம்பர் முதல் நாளில்தான் தமிழ்ப் பகுதியோடு இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர் ஆட்சியிலும், 1949-க்குப்பின் திருவிதாங்கூர்-கொச்சியிலும் அடங்கியிருந்தது. சில கல் தொலைவிலுள்ள குற்றாலமோ சென்னை மாகாணத்தது. கொல்லம் இருப்புப்பாதை 1904-இல் திறக்கப்பட்டபின், திருநெல்வேலிச் சீமையினர் மேல்கடற்கரை செல்லும் வழிகளுள் இதுவும் ஒன்றாயிற்று.

இவ்வெல்லையின் கீழ்ப்பால், குற்றாலத்தில், இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வாழ்ந்தார். மேற்பால், திருவனந்தபுரத்தில், பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை இளமையில் வழக்கறிஞராகவும் 1950-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையிலும் பணியாற்றினார். இருவரும் திருநெல்வேலி மண்ணோடு தொடர்புடையோர், இருவரும் சட்டம் பயின்றோர், இருவரும் கட்டுரையாசிரியர். எனினும் இவர்தம் எழுத்துப்போல் ஒன்றற்கொன்று மாறுபட்ட எழுத்தைக் காண்டல் அரிது. சிந்தனையும் சுவையும் ஒருங்கே உடைய கட்டுரை எவ்வாறு அமைகின்றது என்று ஆராய்வார்க்கு இம்மாறுபாடே நல்லதொரு சான்றாகும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். சிலப்பதிகாரத்தில் இருபத்துமூன்றாவது காதை ‘கட்டுரை காதை’ எனப் பெயர் பெறுகின்றது. மதுரை எரியுண்டபின், மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் நில்லாது பின்னே நின்று, பாண்டியர் செங்கோன்மையையும் கோவலன் முற்பிறப்பு வினையையும் எடுத்துரைக்கின்றது. கேட்பவள் சினமும் துயரமும் மிக்கவள், எளிதில் உடன்படாதவள். அவளுக்கு நிகழ்ந்ததன் காரணத்தை நிரல்படக் கூறுவதே அங்குக் கட்டுரையாகின்றது. இக்காலத்து உரைநடை வடிவமும் அதுவும் ஒன்றல்ல. ஆயினும், காரணம் கூறலும் கேட்பார் ஒருவரை மனத்திற்கொள்ளலும் அச்சொல்லோடு பழமையாகவே இயைந்துள்ளன என்பது போதரும்.

மேனாட்டில் மொந்தேன் 1580-இலும் பேக்கன் 1597-இலும் தத்தம் கட்டுரைகளை வெளியிட்டனர். அடிசனுடைய கட்டுரைகள் சிலவற்றை மறைமலையடிகள் தமிழாக்கிச் ‘சிந்தனைக் கட்டுரை’களில் சேர்த்தார். இவ்வரலாறு பலரும் அறிந்ததாதலின் விரித்திலேம்.

டி. கே. சி.யின் கட்டுரைகள் பேச்சிற் பிறந்தவை. 1924-இல் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில், அவர் இல்லத்து வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர் கூடினர். அக்கூட்டமே ‘வட்டத்தொட்டி’ எனப் பெயர் பெற்றுப் பின்னர்க் குற்றாலத்திலும் தொடர்ந்தது. இராஜாஜி, கல்கி, தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் முதலியோர் அவரைச் சூழ்ந்திருந்தனர். ஒரு பாடலைப் பன்முறை ஓதி, அதன் ஓசை எவ்விடத்தில் உணர்ச்சியாகின்றது என்று காட்டுவது அவர் முறை. ‘இதய ஒலி’யிலும் அம்முறையே காணலாம். எதிரில் ஒருவர் இருந்து தலையசைக்கின்றார் என்றே ஒவ்வொரு வாக்கியமும் எழுதப்பட்டிருக்கின்றது. புலவர்க்கே உரியதாயிருந்த கவிதையைப் பொதுமக்கள் விரும்பிப் படிக்கச் செய்த பெருமை அவ்வெழுத்திற்கு உண்டு.

ஆயினும் இம்முறையின் ஊறு கம்பராமாயணத்தில் வெளிப்பட்டது. கம்பன் பாடல்களுள் மிகப் பலவற்றை இடைச்செருகல் என அவர் ஒதுக்கினார்; சொற்களையும் மாற்றினார். ஏட்டுச் சான்று யாது என்று வினவினால், உள்ளம் ஒப்பவில்லை என்பதே விடையாயிற்று. நண்பர் வட்டத்தில் இவ்விடை போதும். வட்டத்திற்கு வெளியே இருப்பவனுக்குப் போதாது. தலையசைப்பாரையே எதிரிற் கொண்டு எழுதுவதன் விளைவு இது என யாம் கருதுகின்றோம்.

வையாபுரிப் பிள்ளை எழுதியதோ மறுப்பாரை எதிரிற் கொண்டு. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக 1926 முதல் 1936 வரை உழைத்தவர். ஒரு சொல் முதன்முதல் எந்நூலில் வருகின்றது என்று தேடும் பழக்கம் அவ்வுழைப்பிற் படிந்தது. சொல்வழக்கு, இலக்கண வடிவம், பிறநூற் கருத்து ஆகியவற்றை அடுக்கிச் சிலப்பதிகாரம் எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என அவர் முடிவு கட்டியபோது எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. அம்முடிவை இன்றும் பலர் ஏற்பதில்லை. வழக்குகளின் இன்மையையும் வடசொற் பயிற்சியையும் அவர் அளவிற்கு மிஞ்சி நம்பினார் என்பது எமக்கும் உடன்பாடே. ஆனால் அவரை மறுக்கப் புகுவார்க்கு வேண்டிய கருவிகள் அவர் கட்டுரைக்குள்ளேயே கிடக்கின்றன. எச்சான்று வீழ்ந்தால் எம்முடிவு வீழும் என்பது படிப்பார்க்கு விளங்கும். வழக்குமன்றத்தில் வாதம் கேட்பார்போல நாமும் அவரோடு நடந்து செல்கின்றோம். அங்குள்ள சுவை அதுவே. உவமையாலோ அடுக்குமொழியாலோ வந்ததன்று.

இவ்விருவர் நெறியும் ஓரிடத்தில் சந்தித்தன. முத்தொள்ளாயிரம் முழுநூலாக நமக்குக் கிடைத்திலது. ‘புறத்திரட்டு’ என்னும் தொகைநூலில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களே எஞ்சின. புறத்திரட்டை ஏடுகளோடு ஒப்பிட்டு, பாடவேறுபாடு குறித்துப் பல்கலைக்கழகத்திற்காகப் பதிப்பித்தவர் வையாபுரிப் பிள்ளை. முத்தொள்ளாயிரப் பாடல்களுக்கு உரை விளக்கம் எழுதி 1943-இல் வெளியிட்டவர் டி. கே. சி. முன்னதைப் புரட்டியவர் ஆய்வாளர் சிலரே. சேர சோழ பாண்டியரைக் காதலித்த அம்மகளிரின் பேதைமையையும் குறும்பையும் தமிழ் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது பின்னது. எனினும் பாடல்களைக் காத்து வைத்தது அத்தொகைநூலே.

இன்று எம்மிடம் வரும் மாணவர் கட்டுரைகளில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை யாவும் முறையாக உள. மறுப்பார் ஒருவரும் இலர். கேட்பார் ஒருவரும் இலர். முடிவு முதல் வரியிலேயே தெரிந்துவிடுகின்றது, ஏனெனில் எழுதியவர்க்கு ஐயம் எழவேயில்லை. மதிப்பெண் இடுவோராகிய நாமே அவ்வாறு பழக்கினோம் என்பதையும் ஒளியாது சொல்லுதல் வேண்டும். ஒரே முத்தொள்ளாயிரப் பாடலைக் கொடுத்து, அதன் பாடவேறுபாட்டை ஒரு பக்கத்திலும், அதை வீட்டார் ஒருவர்க்கு விளக்குமாற்றை மறுபக்கத்திலும் எழுதச் செய்தல் எளிய பயிற்சியே. முதற்பக்கத்தில் துணியப்பட்ட பாடத்தையே மறுபக்கம் தாங்கவேண்டும் என்னும் ஒரு கட்டளை மட்டும் இடுக.

டி. கே. சி. 1954 பிப்ரவரி 16-ஆம் நாள் குற்றாலத்தில் மறைந்தார். வையாபுரிப் பிள்ளை 1956 பிப்ரவரி 17-ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் புளியறைக்குக் கிழக்கேயிருந்த ஆட்சியெல்லை மேற்கே பெயர்ந்தது.