யாழ்ப்பாணத்து நாளிதழும் அதன் வாசகரும்

ஒரு நாளிதழின் வலிமையை அதன் விற்பனைத் தொகையைக் கொண்டு மட்டும் அளவிடுவது யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாது. மருதனார்மடச் சந்தியில் வாங்கப்படும் ஒரு பிரதி, கடைக்காரர், சந்தைக்கு மரக்கறி கொண்டுவந்த விவசாயி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் எனப் பல கைகள் மாறுகின்றது. சனசமூக நிலைய வாசிகசாலைகளில் ஒரே பிரதியைத் தாள் தாளாகப் பிரித்துப் பலர் வாசிக்கின்றனர். இந்தக் கூட்டு வாசிப்பே குடாநாட்டுப் பத்திரிகைகளின் அத்திவாரம்.

பத்திரிகைப் பழக்கம் எமக்குப் புதியதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1841இல் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக உதயதாரகையை ஆரம்பித்தனர். மருதனார்மடத்துக்கு அண்மையிலுள்ள மானிப்பாயில் அவர்களது அச்சகம் இயங்கியது. 1882இல் சித்திலெப்பை முஸ்லிம் நேசனைத் தமிழில் வெளியிட்டார். ஆயினும் நாளிதழ்கள் தலைநகரிலேயே வேரூன்றின. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் கொழும்பில் தோன்றின. அவை புகையிரதத்தில் வந்துசேரும்வரை வடபகுதி வாசகர் காத்திருக்க நேர்ந்தது.

இந்நிலையை மாற்றியது ஈழநாடு. கே.சி. தங்கராஜா, கே.சி. சண்முகரத்தினம் சகோதரர்களின் முயற்சியால் 1959இல் தொடங்கப்பெற்று, 1961இல் நாளிதழாயிற்று. வீரகேசரியில் அனுபவம் பெற்ற கே.பி. ஹரன் அதன் ஆசிரியராக விளங்கினார். தலைநகர் ஏடுகளில் ஒரு மூலையில் இடம்பெற்ற ஊர்ச்செய்தி இங்கே முன்பக்கத்துக்கு உரியதாயிற்று. பாடசாலை, கோயில் திருவிழா, மரண அறிவித்தல் யாவும் வாசகரின் அன்றாடத் தேவையாயின.

1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ். பொது நூலகத்தை எரித்த வன்முறையில் ஈழநாடு பணிமனையும் தீக்கிரையாயிற்று. பின்னர் அது மீண்டும் வெளிவந்தது. 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படை ஈழமுரசு, முரசொலி அச்சகங்களைத் தகர்த்தது. 1985இல் தொடங்கிய உதயன், பொருளாதாரத் தடையால் தாள் கிடைக்காத 1990களில் கொப்பித் தாளிலும் அச்சாகியது. 2006 மே 2ஆம் திகதி ஆயுததாரிகள் அதன் பணிமனைக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக்கொன்றனர்.

பிற நாடுகளில் பத்திரிகைகளை நிறுத்துவது பெரும்பாலும் சந்தையே. போர்த்துக்கலில் 1864இல் தொடங்கிய தியாரியோ த நொத்தீசியஸ், 2018இல் அச்சுப் பதிப்பை வாரஇதழாகச் சுருக்கி, 2020இல் மீண்டும் நாளிதழாக்கியது. எமது ஏடுகளை நிறுத்த முயன்றவை தீயும் துப்பாக்கியுமாகும். இவற்றையும் மீறி அவை நிலைத்தமைக்கு வாசகரே காரணம்.

ஆனால் அந்த வாசகர் கூட்டமும் சிதறடிக்கப்பட்டது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். சோனகத்தெருவில் அதிகாலையில் யாழ்ப்பாணப் பத்திரிகையைப் பிரித்தவர்கள் புத்தளத்தில் அகதிகளாயினர். இடப்பெயர்வும் புலப்பெயர்வும் தமிழ் வாசகரையும் உலகெங்கும் கொண்டுசென்றன.

இன்று அவர்கள் எல்லோரும் இணையத்தில் ஊர்ச்செய்தியைத் தேடுகின்றனர். புத்தளத்திலிருந்து தேடும் யாழ்ப்பாண முஸ்லிமுக்குத் தம் தெருவின் செய்தி அதில் கிடைக்கின்றதா? மீளக்குடியேறியோரின் காணிச் சிக்கலும் பாடசாலைத் தேவையும் மருதனார்மடத்துச் சந்தை நிலவரத்தைப் போலவே எமது ஊர்ச்செய்திகள்தாம். அவற்றுக்கு இடமளிக்கும் ஏடே முழு யாழ்ப்பாணத்தினதும் நாளிதழ் என்ற பெயருக்கு உரியதாகும்.