உரோமில் விழுந்த சிசிலி நிழல்

உரோம நகரின் பொதுமன்றத்தில் கி.மு. 263இல் ஒரு நிழற்கடிகை நிறுவப்பெற்றது. முதலாம் பியூனிக் போரில் சிசிலியின் கட்டானியா நகர் வீழ்ந்தபின், கான்சல் பதவியிலிருந்த வலேரியஸ் மெசல்லா அங்கிருந்து அதனைக் கொணர்ந்து, சொற்பொழிவு மேடையருகே ஒரு தூணின்மேல் வைத்தார். வார்ரோவைச் சான்று காட்டி இதனை எழுதுபவர் மூத்த பிளினி.

அதற்கு முன் உரோமர் பொழுதறிந்த முறை எளியது. கவிஞர் மனம் பற்றும் அழகும் உடையது. ஆட்சியவை மண்டபத்தில் நின்று நோக்கும் ஏவலன், அம்மேடைக்கும் கிரேக்கத் தூதர் நிற்கும் இடத்துக்கும் இடையே ஞாயிற்றைக் கண்டதும் நண்பகல் எனக் கூவுவான். மேகம் மூடிய நாளில் கூவல் இல்லை.

அக்கால நிழற்கடிகைகள் பல, கல்லில் குடைந்த அரைக்கோளக் கிண்ணங்கள். வானக் கவிகையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கல்லில் பதித்தாற்போன்றவை. நாட்டிய முள்ளின் நுனிநிழல் எக்கோட்டைத் தொடுகிறதோ அதுவே பொழுது. குறுக்கே செல்லும் வளைகோடுகள் பருவம் காட்டும். பகல் நீளினும் குறுகினும் அதற்குப் பன்னிரு கூறுகளே. ஆதலின் உரோமில் ஒரு மணி, முதுவேனிலில் நம் கணக்கில் ஏறத்தாழ 75 நிமிடம். கடுங்குளிரில் 45 நிமிடம். மாறாத 24 நிமிட நாழிகையில் எண்ணிப் பழகிய மரபினர்க்கு இது விந்தையாகவே தோன்றும்.

ஆனால் அக்கோடுகள் ஊருக்கு ஊர் வேறுபடுவன. கட்டானியா 37½ பாகை வட அட்சத்தில் உள்ளது. உரோமோ ஏறத்தாழ 42 பாகையில். வடபுலத்தில் ஞாயிறு தாழ்ந்து செல்லுமாதலால் நிழல் நீளும். திசை பிழையாது நிறுத்தியிருப்பின் நண்பகல் கோடு பொய்த்திராது. காலை மாலைப் பொழுதுகளே பிறழ்ந்திருக்கும். இளவேனிலின் சமபகலிரவு நாளை அது பத்துப் பதினொரு நாள் பிந்திக் காட்டியிருக்கும் என்பது கணக்கு. நெடுநல்வாடையில் மனை வகுக்கும் நூலறி புலவர், அவ்விடத்தே கோல்நட்டு அவ்விடத்து நிழலையே நோக்கியமை இங்கு நினையத்தக்கது.

பிழைபட்ட அக்கடிகையை உரோமர் 99 ஆண்டுகள் பின்பற்றினர். பிளினியின் கூற்றில் ஏளனம் தொனிப்பதாகச் சிலர் கொள்வர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வழக்காடுவோரும் வணிகரும் வேண்டியது அனைவர்க்கும் பொதுவான ஒரு பொழுது; அதனைப் பிழையுள்ள கல்லும் தரக்கூடும்.

கி.மு. 164இல் சென்சார் மார்சியஸ் பிலிப்பஸ், உரோமுக்கென வகுத்த கடிகையொன்றைப் பழையதன் அருகிலேயே நிறுவினார். அப்போதும் மேகநாளில் பொழுது தெரியவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, சிப்பியோ நாசிக்கா கூரையின்கீழ் ஒரு நீர்க்கடிகையை அமைத்தார். அதன் பின்னரே உரோமர்க்கு இரவுக்கும் மணிக்கணக்கு வாய்த்தது.