மியூனிக்கில் ரயில் நேரம், பாம்பெர்க்கில் கடை நேரம்

1835 டிசம்பரில் நியூரம்பெர்க்கிலிருந்து பக்கத்து ஊரான ஃபூர்த்துக்கு ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் ஓடியது. அடுத்த ஆண்டு ஜூலையில் அந்தப் பாதையில் முதன்முதலாகச் சரக்கு ஏற்றினார்கள். லெடரர் என்ற ஆலையிலிருந்து வந்த இரண்டு சிறிய பீப்பாய் பீர்தான் அந்தச் சரக்கு. அதற்குப் பின் வந்த அறுபது ஆண்டுகளில் ரயில் எந்த ஊர்ப் பீரைத் தூக்கிவிட்டது, எந்த ஊர்ப் பீரைத் தொடாமலே கடந்துபோனது என்று பார்த்தால் ஒரு நடைமுறைக் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடுகிறது. பீருக்காகவே தெற்கு ஜெர்மனிக்குப் போகிறவர், காரைத் தொடாமல் ரயிலிலேயே சுற்ற நினைப்பவர், எங்கே பெட்டியை இறக்கிவைக்க வேண்டும்?

போட்டி இரண்டு ஊர்களுக்குள். ஒன்று பவேரியாவின் தலைநகரான மியூனிக். மற்றது அதே மாநிலத்தின் வடக்கே, ஃபிராங்கோனியப் பகுதியில் ரெக்னிட்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் பாம்பெர்க். அதிவேக ரயிலில் இடைப்பட்ட தூரம் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அதனால்தான் பெரும்பாலோர் ஒரு வாரத்துக்கும் மியூனிக்கில் அறை எடுத்துக்கொண்டு, பாம்பெர்க்கை ஒரு பகல் உலாவாக ஒட்டவைத்துவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு தலைகீழாகப் படுகிறது.

மியூனிக்கின் பெரிய ஆலைகள் ஆறு: ஆகுஸ்டினர், ஹாக்கர்-ஷோர், ஹோஃப்ப்ராய், லோவன்ப்ராய், பவுலானர், ஷ்பாட்டன். அக்டோபர்ஃபெஸ்ட் திடலில் பீர் ஊற்றும் உரிமை இந்த ஆறுக்கு மட்டுமே. பெயர் ஆறானாலும் முதலாளிகள் ஆறு பேர் இல்லை. ஷ்பாட்டனும் லோவன்ப்ராயும் ஏபி இன்பெவ் என்ற உலகப் பெருநிறுவனத்திடம் இருக்கின்றன. பவுலானரும் ஹாக்கர்-ஷோரும் ஒரே குழுமம். அதில் ஹைனெக்கனுக்கும் பங்குண்டு. 1589இல் பிரபு ஐந்தாம் வில்ஹெல்ம் தன் அரண்மனைத் தேவைக்காகத் தொடங்கிய ஹோஃப்ப்ராய் இன்றும் மாநில அரசின் சொத்துதான். ஆகுஸ்டினரின் பெரும்பங்கு ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அந்தப் பெயரைச் சற்றுப் பெருமையோடு சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த ஆலைகள் இவ்வளவு பெரிதானது 19ஆம் நூற்றாண்டில். ஷ்பாட்டன் குடும்பத்து இளைஞர் கேப்ரியல் செடில்மாயர் 1833இல் பிரிட்டனுக்குப் போய் அங்குள்ள ஆலைகளை நோட்டம் விட்டு வந்தார். நெருப்புப் புகை படாமல் வெறும் சூடான காற்றில் மால்ட்டை உலர்த்தும் வித்தை அப்படித்தான் மியூனிக் வந்தது. 1870களில் கார்ல் லிண்டேயின் குளிரூட்டும் இயந்திரம் அதே ஆலையில் ஓடத் தொடங்கியதும், கோடையில் பீர் காய்ச்ச முடியாது என்ற பழைய தடை விழுந்தது. 1894இல் வெளிர்பொன் நிற ஹெல்லஸ் பீரை ஷ்பாட்டன் வெளியிட்டது. நிலக்கரி உள்ளே வர, பீர் வெளியே போக, ரயில் பக்கத்திலேயே இருந்தது. ஆகுஸ்டினர், ஷ்பாட்டன், லோவன்ப்ராய் மூன்றின் ஆலைகளும் மத்திய ரயில் நிலையத்துக்கு மேற்கிலும் வடமேற்கிலும் நடந்துபோகும் தொலைவில் இருப்பதை இன்றைக்கும் பார்க்கலாம்.

ஃபிராங்கோனியாவின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது பவேரியாவே இல்லை. பாம்பெர்க்குக்கு ஓர் ஆயர் அரசர், வூர்ட்ஸ்பர்க்குக்கு இன்னொருவர், நியூரம்பெர்க் தனக்குத்தானே ராஜா, நடுநடுவே பேரரசரைத் தவிர யாருக்கும் தலைவணங்காத குட்டி ஜமீன்கள். ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் பீர் காய்ச்சும் உரிமையைக் கொடுத்தார்கள். நெப்போலியன் காலத்தில் எல்லாவற்றையும் பவேரியா விழுங்கியபோது, ஊருக்கு ஊர் ஆலைகள் ஏற்கெனவே வேர்விட்டிருந்தன. பிறகு ரயில் வந்தது, ஆனால் ரெக்னிட்ஸ், மைன் ஆற்றுப் பள்ளத்தாக்குகளோடு பெரும்பாலும் நின்றுகொண்டது. மேட்டு நிலத்துக் கிராம ஆலை தன் சொந்தச் சத்திரத்திலேயே விற்றது. வெளியே கொண்டுபோக ஆள் இல்லாததால் வளரவில்லை. வளராததால் விலைக்குக் கேட்டும் யாரும் வரவில்லை. பவேரியாவில் இன்று ஏறத்தாழ 600 ஆலைகள் இருக்கின்றன என்றால் அதில் பாதியை நெருங்கும் அளவு ஃபிராங்கோனியாவில்தான்.

பயணத் திட்டத்துக்கு அடிப்படை இந்த வேறுபாடுதான். மியூனிக்கில் பீர் உங்களைத் தேடி நிலையத்து வாசல் வரை வருகிறது. ஃபிராங்கோனியாவில் நீங்கள் பீரைத் தேடிப் போக வேண்டும்; ரயில் பாதி வழியில் இறக்கிவிட்டுவிடும்.

சட்டப் பெருமையிலும் இரு ஊருக்கும் ஒரு சின்னப் பூசல் உண்டு. 1516இல் இங்கோல்ஷ்டாட்டில் பவேரியப் பிரபுக்கள் பிறப்பித்த தூய்மைச் சட்டத்தை, அதாவது பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்ற விதியை, உலகமே அறியும். பாம்பெர்க்கில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால், எங்கள் ஆயர் 1489லேயே அப்படி ஒரு கட்டளை போட்டுவிட்டார் என்பார்கள். 1516 விதியில் ஈஸ்ட்டைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது தனி வேடிக்கை.

இனி குவளைக்கு வருவோம். செடில்மாயர் பிரிட்டனிலிருந்து கொண்டுவந்த சூடான காற்று மியூனிக்கிலிருந்து புகையைத் துரத்தியது என்றேன் அல்லவா, பாம்பெர்க்கில் இரண்டு வீடுகள் அந்தப் புகையை விடவே இல்லை. ஷ்லென்கெர்லா, ஷ்பெட்சியால் இரண்டும் இன்றும் பீச் மர விறகை எரித்து, அந்தப் புகையிலேயே பார்லி மால்ட்டைக் காயவைக்கின்றன. ஒரு காலத்தில் எல்லா ஊர் பீருமே இப்படித்தான் கொஞ்சமாவது புகை மணத்திருக்கும். எனவே ஷ்லென்கெர்லாவின் கரிய மேர்ட்சன் பீரைப் புதுமைச் சரக்காக நினைப்பது தவறு, அது மிச்சமிருக்கும் பழமை. முதல் வாய் பலருக்கும் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். கருவாட்டு அடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பது போல ஒரு வாசம். மூன்றாவது குவளையில்தான் பிடிபடும் என்று ஊரார் சொல்வதில் வியாபாரத் தந்திரம் பாதி, உண்மை பாதி. நான் சொல்லும் வழி, ஷ்பெட்சியாலில் தொடங்குவது. அங்கே புகை மெல்லியது. ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஓபரே கோனிக்ஷ்ட்ராஸே தெருவில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே 1649இலிருந்து இயங்கும் ஃபெஸ்லா. அங்கே புகை கிடையாது. நாக்கைக் கொஞ்சம் தேற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்து ஷ்லென்கெர்லாவுக்குப் போகலாம். மரப் பீப்பாயிலிருந்து குழாய் திறந்து நேராக ஊற்றுவார்கள், காற்றழுத்தம் எதுவும் கிடையாது.

பாம்பெர்க்கின் பழைய ஆலைகளில் எனக்கு மிகப் பிடித்த இடம் கூடம் இல்லை, நடைக்கூடம். வாசலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே உள்ள அந்தப் பாதையில் ஒரு சிறு ஜன்னல் வழியே பீர் வாங்கி நின்றபடியே குடிக்கலாம். வேலை முடிந்து வரும் பெயின்டரும் பள்ளி ஆசிரியரும் அங்கே ஒரே சுவரில் சாய்ந்து நிற்பார்கள். மியூனிக்கின் பெரிய கூடங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் உங்களைப் போன்ற இன்னொரு பயணியை.

இதற்காக மியூனிக்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. திறந்தவெளி பீர் தோட்டம் என்ற விஷயத்தில் அதற்கு ஈடு இல்லை. அந்தக் காலத்தில் பீரைக் குளிர்ச்சியாக வைக்க நிலவறை தோண்டி, மேலே நிழலுக்குக் கஷ்கொட்டை மரம் நட்டார்கள். ஆலைக்காரர்கள் அந்த நிழலிலேயே பெஞ்சு போட்டு விற்கத் தொடங்கியதும் ஊர்ச் சத்திரக்காரர்கள் குமுறினார்கள். 1812இல் அரசர் முதலாம் மாக்ஸிமிலியன் யோசஃப் சமரசம் செய்தார்: பீர் விற்கலாம், ரொட்டி தவிர வேறு உணவு விற்கக்கூடாது. சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரும் வழக்கம் அதில் பிறந்தது. இன்றும் மேசை விரிப்பு இல்லாத பெஞ்சுகளில் சொந்தச் சோற்று மூட்டையைத் தாராளமாக அவிழ்க்கலாம். ஹிர்ஷ்கார்ட்டன் தோட்டத்தில் சுமார் 8000 பேர் உட்காரலாம். மத்திய நிலையத்தருகே உள்ள ஆகுஸ்டினர்-கெல்லரில் 5000 பேர். சைவர்களுக்கு இந்தச் சலுகை பெரிய வரம். கடையில் வாங்கினாலும் ப்ரெட்ஸல், சீவிய முள்ளங்கி, ஓபாட்ஸ்டா என்ற காரமான சீஸ் பிசையல் என்று பசியாறிவிடலாம். பாம்பெர்க்கில் இதில் எச்சரிக்கை தேவை. அங்கே உருளைக்கிழங்கு உருண்டைக்கு ஊற்றும் குழம்பு இறைச்சிச் சாறு. அந்த ஊர்ப் புகழ்பெற்ற வெங்காயத்துக்குள்ளும் திணித்திருப்பது இறைச்சிதான்.

மியூனிக்கிலிருந்து பகல் பயணங்கள் எல்லாம் கடிகாரம் போல நடக்கும். புறநகர் ரயில் எஸ்1இல் ஃப்ரைசிங் போனால் வைன்ஷ்டெஃபான் குன்று. 1040ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் அரசு ஆலையும் பீர்த் தொழில்நுட்பம் கற்பிக்கும் பல்கலைக்கழக வளாகமும் ஒரே மேட்டில் இருக்கின்றன. எஸ்8இன் கடைசி நிலையமான ஹெர்ஷிங்கில் இறங்கி, காட்டு வழியாக ஒரு மணி நேரம் ஏறினால் ஆண்டெக்ஸ் மடாலயம். அங்கே கிடைக்கும் கருநிற டாப்பல்பாக்கில் ஆல்கஹால் 7.1 சதவீதம். ஏறும்போது நடந்து, இறங்கும்போது பஸ் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். எந்த இடத்திலும் அடுத்த ரயில் எப்போது என்ற கவலை அநேகமாக இருக்காது. வண்டிக்குள் பீரைத் திறக்காமல் இருந்தால் போதும், மியூனிக் புறநகர் ரயிலில் 2011இலிருந்து குடிக்கத் தடை.

பாம்பெர்க்கிலிருந்து கிளம்புவது வேறு ஆட்டம். நியூரம்பெர்க் புறநகர் ரயிலின் எஸ்1 பாம்பெர்க் வரை வருகிறது. அது நிற்கும் சிற்றூர்களில் ஒன்றான புட்டன்ஹைமில் அடுத்தடுத்து இரண்டு ஆலைகள் இருக்கின்றன. ஜீன்ஸ் புகழ் லீவை ஷ்ட்ராஸ் 1829இல் பிறந்த வீடும் அங்கேதான், இப்போது அருங்காட்சியகம். இன்னும் தெற்கே ஃபோர்ஷைமில் காட்டுக் குன்றின் சரிவில் இருபதுக்கும் மேற்பட்ட நிலவறைகள். ஜூலைக் கடைசியில் அன்னம்மாள் திருவிழாவின்போது குன்றே பீர் தோட்டமாகிவிடும். இவ்வளவும் ரயிலில் எளிது. அதற்கு அப்பால்தான் சிக்கல். 2000இல் மக்கள்தொகைக்கு மிக அதிகமான ஆலைகள் என்று கின்னஸ் ஏட்டில் ஏறிய ஆவ்ஃப்ஸெஸ் ஊராட்சியில் சுமார் 1300 பேருக்கு நான்கு ஆலைகள். நான்கையும் இணைக்கும் நடைபாதையும் அருமை. ரயில் மட்டும் இல்லை. ஃபோர்ஷைமிலிருந்து கிளைப்பாதையில் எபர்மன்ஷ்டாட் வரை வந்து, பிறகு அரிதாக ஓடும் பஸ்ஸை நம்ப வேண்டும்.

பஸ்ஸைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கிராமச் சத்திரங்கள் குடும்பத்தார் நடத்துபவை. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ மூடுவார்கள், திங்களும் செவ்வாயும் அதிகம். ஆகஸ்டில் ஒரு கடை, நவம்பரில் ஒரு கடை என்று குடும்பமே விடுமுறைக்குப் போய்விடும். மழை பெய்தால் குன்றின் மேலிருக்கும் தோட்டங்கள் திறக்காது. பல இடங்களில் கார்டு செல்லாது, ரொக்கம்தான். மியூனிக்கில் ரயில் நேரத்தை எழுதிவிட்டு இடங்களைச் செருகலாம். இங்கே எந்தச் சத்திரம் எந்த நாள் மூடல் என்ற பட்டியலை முதலில் போட்டு, அதற்குள் ரயிலைச் செருக வேண்டும். வியாழன் முதல் ஞாயிறு வரை பாம்பெர்க், திங்கள் முதல் புதன் வரை மியூனிக் என்று வாரத்தைப் பிரித்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

டிக்கெட்டில் பெரிய சூட்சுமம் இல்லை. ஒரே நாளில் மாநிலம் முழுக்கச் சுற்ற பவேரியா டிக்கெட் போதும், ஐந்து பேர் வரை ஒன்றாக வாங்கலாம். வார நாட்களில் காலை 9 மணிக்கு முன் செல்லாது, ஐசிஇ போன்ற அதிவேக வண்டிகளிலும் செல்லாது. ஆனால் மியூனிக்–நியூரம்பெர்க் எக்ஸ்பிரஸ் என்ற மண்டல ரயில் அதிவேகத் தடத்திலேயே ஓடுகிறது, அதில் செல்லும். நியூரம்பெர்க் வட்டாரத்தின் ஒருநாள் டிக்கெட்டைச் சனிக்கிழமை வாங்கினால் ஞாயிறும் அதே காசில் ஓடும். பாம்பெர்க் அந்த வட்டாரத்துக்குள்தான்.

அளவிலும் காசிலும் பாம்பெர்க்குக்கே என் ஓட்டு. மியூனிக் தோட்டங்களில் ஒரு லிட்டர் குவளைதான் நியதி. வெயிலில் பாதியைத் தாண்டியதும் பீர் சூடேறிவிடும், ஒரே பகலில் மூன்று ஆலைகளை ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவருக்கு அது பகை. பாம்பெர்க்கில் அரை லிட்டர்தான் வழக்கம், விலையும் குறைவு. பருவம் பார்த்துப் போகிறவர்கள் அக்டோபர்ஃபெஸ்ட் நடக்கும் செப்டம்பர் கடைசி இரண்டு வாரங்களில் மியூனிக் அறை வாடகையைக் கண்டு மிரண்டுபோவார்கள். தவக்காலத்தில், பவுலானரின் சால்வாட்டர் போன்ற கனத்த பீர்கள் வரும் மார்ச் மாதத்தில், ஊர் அதைவிட நிதானமாக இருக்கும். பாம்பெர்க்கில் அக்டோபர், நவம்பரில் ஒவ்வோர் ஆலையும் தன் பாக் பீரை ஒவ்வொரு நாளில் திறக்கும். தோட்டங்கள் மூடிக்கிடந்தாலும் அந்தச் சமயம் போவது லாபம்தான்.

கடைசியாக ஒரு தகவல். நியூரம்பெர்க்–பாம்பெர்க் பாதையை நான்கு தடமாக விரிக்கும் வேலை நீண்ட நாளாக நடக்கிறது. அதனால் சில வாரங்களில் ரயிலுக்குப் பதில் பஸ் ஓட்டுவார்கள். அப்படிப்பட்ட நாளில் ஃபோர்ஷைம், புட்டன்ஹைம் திட்டத்தை ஒத்திவைத்துவிட்டு, நிலையத்திலிருந்து தெற்கே நடந்து வுண்டர்புர்க் பகுதிக்குப் போய்விடுங்கள். மார்ஸ், கேஸ்மன் என்ற இரண்டு ஆலைகள் அங்கே ஒரே தெருவில் இருக்கின்றன. மார்ஸில் வடிகட்டாத பீரைக் கேளுங்கள், கேஸ்மனில் பில்ஸ்.