முந்நூறு கிலோமீட்டர்

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கும் சாங்கிக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அட்டவணையில் போட்டிருக்கும் பயண நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேலே பத்து, பதினைந்து நிமிடம். பொறியாளன் புத்தி சும்மா இருக்குமா? அந்தக் காலத்தில் இதே தூரத்துக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

1947 மே 1ஆம் தேதி மலாயன் ஏர்வேஸ் தன் வழக்கமான சேவையைத் தொடங்கியது. சிங்கப்பூரின் காலாங்கில் கிளம்பி கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு. வாரத்துக்கு மூன்று முறை. விமானம் ஏர்ஸ்பீட் கான்சல். ஐந்து பேர்தான் உட்காரலாம். வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர் அளவு. வகுத்துப் பார்த்தால் எழுபது நிமிடம் சொச்சம்.

இன்றைய ஜெட் 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். மூன்று மடங்கு வேகம், அட்டவணையில் அதே நேரம்! ஏனென்றால் விமானம் வானில் இருப்பது முக்கால் மணி நேரம்தான். ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டும். முழு வேகம் காட்ட இடமே இல்லை. மிச்சம் தரையில் ஊர்வதில் போய்விடுகிறது.

இயந்திரக் கணக்கு அதோடு முடிந்தது. வரலாற்றுக் கணக்கு வேறு.

1947இல் மலாயாவும் சிங்கப்பூரும் நிர்வாகத்தில் தனித்தனி. ஆனால் மேலே ஒரே பிரிட்டிஷ் ஆட்சி. நடுவில் கடப்பிதழ் கேட்க ஆளில்லை. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் பிரிந்தது. அதே மாதம் 30ஆம் தேதி சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. பெரிய விமானங்களுக்கு ஓடுபாதை தயாரானபோது, சிங்கப்பூர் வெளிநாடாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. 1967இல் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. 1972இல் இரு நாடுகளும் சேர்ந்து நடத்திய விமான நிறுவனமும் இரண்டானது. அதன்பின் இந்த வழி பெரும்பாலும் அந்த இரண்டு நிறுவனங்களின் கையில்தான். குறைந்த கட்டண விமானங்களுக்கு 2008 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது.

இந்த வருடங்கள் எங்கள் வீட்டிலும் கிடக்கின்றன. தாத்தா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்தவர். பாட்டியின் அக்கா செம்பவாங்கில், கடற்படைத் தளத் தொழிலாளி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவர். "அக்கா வூட்டுக்குப் போறதுக்கு எதுக்குய்யா பாஸ்போர்ட்டு?" என்று பாட்டி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். விமானக் கட்டணமோ எட்டாத உயரம்; போனதெல்லாம் இராத்திரி ரயிலில். 2008இல் டிக்கெட் மலிவானபோது பார்க்கப் போவதற்கு அக்கா இல்லை.

இப்போது என் கணக்கில் வானில் முக்கால் மணி நேரம் ஒரு சின்னப் பகுதி. நகரத்திலிருந்து சிப்பாங்வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், முன்கூட்டியே போய்க் காத்திருப்பது, இரண்டு குடிநுழைவுச் சோதனை. கூட்டினால் நாலு மணி நேரம் சுலபமாகப் போய்விடும்; பேருந்தில் போகிறவன் கிட்டத்தட்ட நம்மோடு வந்து சேர்ந்துவிடுவான்.

கே.எல்.லிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால், எந்த வருடத்தில் என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.